முகத்து நிறம் சரியில்லை

என் வீட்டுக்காரர் வெளுத்துக்கொண்டே போனார். ஒரே நாளில் அல்ல. சட்டை வெளுப்பது மாதிரிதான். தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, பழைய படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தூக்கிவாரிப்போடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க நான், என் முகத்தைப் பார்க்க அவர், அவ்வளவுதான். ஆகவே நான் பார்த்தேன். முதலில் உதடு வெளுத்தது. பிறகு நகக்கண். அப்புறம் மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் மூச்சு வாங்க ஆரம்பித்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடக் கடக்கென்று மென்று தின்பதும் அப்போது பிடித்துக்கொண்ட பழக்கம்தான்.

"என்னங்க, ஒரு எட்டு டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துடலாமே."

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் அசதி."

கெஞ்சினாலும் இதே பதில், கரடியாய்க் கத்தினாலும் இதே பதில். நான் அதிகம் கத்தினால் ஒரு படி மேலே போய்ச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஈறுகூட வெளுத்திருக்கும்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அசதியை எடுத்துச் சொல்வதுதான் அந்த மனிதருடைய பிழைப்பு. எங்கள் இருவருக்குமே ஒரே அலுவலகம். ஆங்கிலம் பேசுகிற ஏதோ ஓர் ஊரில் ஒரு ஜப்பானியருக்கு உடம்புக்கு முடியாமல் போகும். அவருக்கு ஆங்கிலம் வராது, டாக்டருக்கு ஜப்பான் மொழி வராது. உடனே எங்கள் லைனுக்குப் போடுவார்கள். காதில் ஹெட்செட்டோடு நாங்கள் நடுவில் உட்கார்ந்து அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்வோம். அவர்கள் முகம் எங்களுக்குத் தெரியாது, எங்கள் முகம் அவர்களுக்குத் தெரியாது.

இந்த வேலைக்கு ஒரு கறாரான விதி உண்டு. 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. நோயாளி எப்படிச் சொன்னாரோ அப்படியே, 'எனக்கு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சொந்தமாக ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்தால் 'இது மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்' என்று முன்னால் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். இதனால் எங்கள் ஹாலுக்குள் புதிதாக வருகிறவர்கள் பயந்துபோவார்கள். இஸ்திரி போட்ட சட்டையும் மீசையுமாக ஒரு தடியர், "எனக்கு ரெண்டு மாசம் தள்ளிப்போயிருக்கு டாக்டர்" என்று ஆங்கிலத்தில் கவலையோடு சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்த சீட்டில் இருபது வயதுப் பெண், தன் விதைப்பையில் வீக்கம் என்பாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம்.

அந்த ஹாலிலேயே என் வீட்டுக்காரர்தான் கெட்டிக்காரர். ஜப்பானில் ஒரு கப்பல் பட்டறையில் வருடக்கணக்கில் பெயின்ட் அடித்தவர். மொழியைப் புத்தகத்தில் படிக்காமல் மனிதர்களிடம் பொறுக்கியவர். அவரை ஆபீசில் 'சென்செய்' என்பார்கள். ஜப்பானில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பேராகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் ஒரு வகுப்பு எடுப்பார். தலைப்பு, வெளுப்பும் அசதியும்.

அந்த வகுப்பு எனக்கு மனப்பாடம். "ஜப்பான்காரர் வெளுத்துட்டேன்னு சொல்ல மாட்டார்" என்று ஆரம்பிப்பார். "முகத்து நிறம் சரியில்லன்னு சொல்வார். 'காவோஇரோ கா வாருய்.' நீங்க அதை அப்படியே ஆங்கிலத்துல கொட்டினா, டாக்டர் ஏதோ தேமல், படைன்னு நினைச்சுத் தோல் டாக்டர்கிட்ட அனுப்பிடுவார். இன்னொருத்தர் 'ஆவோஜிரோய்'ம்பார். நீலவெள்ளை. நீலம்னு சொல்லிப் பாருங்க, மூச்சு நின்னுபோச்சுன்னு டாக்டர் ஆம்புலன்ஸையே கூப்பிடுவார். ரத்தத்தோட சாயை வடிஞ்சுபோச்சும்பார் மூணாவது ஆளு. நாம ரத்தம் சுண்டிப்போச்சுன்னு சொல்றோமே, அதேதான். ஆங்கில டாக்டர் எங்கேடா ரத்தம் வடியுதுன்னு தேடுவார்."

எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு 'ஃபுராஃபுரா' என்று பலகையில் எழுதுவார். நமக்குக் கிறுகிறு, வெடவெட, தளதள என்று இருப்பது போல ஜப்பானியருக்கும் இரட்டை இரட்டையாக வார்த்தைகள் உண்டு. ஃபுராஃபுரா என்று காதில் விழுந்தவுடனே நமக்குக் கிறுகிறு என்று பொருள் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு வார்த்தையில் வழியில்லை. நிற்க முடிகிறதா, சுவரைப் பிடிக்கிறாரா, கண் இருட்டுகிறதா என்று அவரிடமே கேட்டு அவிழ்த்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்பார். கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "ஜப்பான்ல வயசானவங்க யாராவது 'கொஞ்சம்'னு சொன்னா நிமிர்ந்து உட்காருங்க. கொஞ்சம் அசதின்னா அவரால எழுந்திரிக்க முடியலன்னு அர்த்தம்" என்பார்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்தாள். அவருக்கு மூத்தவள், தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்ததாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவள். வாசலில் நின்றே அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னடி, என் தம்பியை இப்படி உரிச்ச கோழியாட்டம் வச்சிருக்கே. சோறு கீறு போடறியா இல்லையா?"

"போடறேன் அண்ணி. சாப்பிடத்தான் மாட்டேங்கறார். நீங்களாவது டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க."

"டேய், போடா."

"போறேன்க்கா."

போனார். உண்மையாகவே போனார். எங்கே போனார் என்று கேளுங்கள். ஆபீசின் கீழ்த்தளத்தில் தலைவலிக்கும் தும்மலுக்கும் மாத்திரை கொடுக்கிற ஒரு கிளினிக் இருக்கிறது, அங்கே. நின்றுகொண்டே அசதி என்று சொல்லி, நின்றுகொண்டே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அட்டையை என் கண்முன்னால் ஆட்டிக் காட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அவர் அதை ஒரு மாத்திரை அட்டைக்குப் பின்னால் மறைத்தார். எனக்கும் அப்போதைக்கு மனசு கொஞ்சம் ஆறியது. நிறம் மட்டும் வரவில்லை.

நான் அப்போது லைனில் பேசுவதை விட்டிருந்தேன். தொண்டை கட்டிக் கட்டிக் குரல் போய்விட்டதால் என்னைக் கண்ணாடி அறைக்கு மாற்றியிருந்தார்கள். மற்றவர்கள் பேசுவதை, பேசும்போதே ஒட்டுக்கேட்டு மார்க் போடுவது எங்கள் வேலை. லைனில் இருப்பவர்களுக்கு நாங்கள் கேட்பது தெரியாது, நாங்களும் குறுக்கே பேச முடியாது. சின்னப் பிழைக்குச் சின்னக் கழிவு. நோயாளி சொன்னதை மாற்றிச் சொன்னால் அது பெரும்பிழை. ஒன்று இருந்தாலும் மொத்த அழைப்புக்கும் பூஜ்யம்.

புருஷன் பேசுவதைப் பெண்டாட்டியிடம் கொடுக்க மாட்டார்கள். அன்றைக்குப் பார்த்து ஜப்பான் மொழி தெரிந்த இன்னொருத்தி பல் பிடுங்கப் போயிருந்தாள். எங்கள் டீம் லீடர், எப்போது பார்த்தாலும் மணிக்கட்டையே பார்ப்பதால் 'கடிகாரம்' என்று பேர் வாங்கியவர், என் மேஜைக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் சென்செய் லைனையும் நீங்களே கேட்டுடுங்கம்மா. வேற ஆள் இல்ல."

"உள்ளதைத்தான் போடுவேன். அப்புறம் குடும்பத்துல குழப்பம்னு வராதீங்க."

"அவருக்கெல்லாம் நூத்துக்கு நூறுதான, போடுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் வயதான ஜப்பான் அம்மாள் ஒருத்தி. தரைத்தளத்தில் ஒற்றை அறையில் இருப்பதாகச் சொன்னாள். ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் புதுப்பித்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தாள். இந்தப் பக்கம் டாக்டர், ஒரு பெண், இளம் குரல். எங்கள் லைனில் வருகிற டாக்டர்கள் எல்லாரும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரிதான் பேசுவார்கள். இந்தப் பெண் அப்படி இல்லை. கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிஜமாகவே காத்திருந்தாள்.

"தலைசுத்தல், சோர்வு ஏதாவது இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் அதை அழகாக ஜப்பான் மொழியில் கேட்டார். அந்த அம்மாள், "உங்க புண்ணியத்துல அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. முட்டிதான் படுத்துது" என்றாள்.

இதை உடனே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. பிறகு அவர் குரல் வந்தது.

"இருக்கு டாக்டர். கொஞ்ச மாசமாவே இருக்கு."

நான் திரையில் பெரும்பிழைக் கட்டத்தில் குறி போட்டேன். கை தானாகப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவர் இப்படி ஒரு தப்புச் செய்து நான் கேட்டதில்லை. முந்தின அழைப்போடு குழப்பிக்கொண்டாரோ என்று நினைத்தேன்.

"எப்ப சுத்துது? எழுந்திருக்கும்போதா?" என்றாள் டாக்டர்.

அவர் அந்த அம்மாளிடம் இதைக் கேட்கவேயில்லை. "டாக்டர் உங்க பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துக்கிட்டிருக்காங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று ஜப்பான் மொழியில் சொன்னார். "மெதுவாப் பார்க்கட்டும், எனக்கென்ன அவசரம்" என்றாள் அவள். பிறகு அவர் ஆங்கிலத்துக்கு வந்தார்.

"எழுந்திருக்கும்போதுதான். குளிச்சிட்டு வரும்போது சுவரைப் பிடிச்சுக்கறேன். ஆபீஸ் மாடிப்படியில பாதியில நிக்க வேண்டியிருக்கு."

தரைத்தளத்தில் இருக்கிற கிழவிக்கு ஏது மாடிப்படி, ஏது ஆபீஸ். எனக்கு இன்னும் உறைக்கவில்லை, கோபம்தான் வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அவர் முதுகு தெரிந்தது. இடது கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

"வழக்கமில்லாத எதையாவது சாப்பிடணும்னு தோணுதா? மண்ணு, சாக்பீஸ், ஐஸ்?"

"ஐஸ். ஐஸ் கட்டிதான் எந்நேரமும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அழைப்பில் நோயாளி மாறிவிட்டார் என்பது அந்த டாக்டருக்குத் தெரியாது, அந்த அம்மாளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்தது.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எடை குறைந்ததா என்றாள். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன் என்றார். பசிக்கிறதா என்றாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, வீட்டில் பார்க்காதபோது தட்டைக் கொட்டிவிடுகிறேன் என்றார். நான் போட்ட சோறு. நான் கழுவின தட்டு.

"மலம் கறுப்பாப் போகுதா?"

"போகுது. தார் மாதிரி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறேன், அதனாலன்னு நினைச்சேன்."

"மாத்திரையால அப்படிப் போகும்தான். ஆனா மாத்திரை ஆரம்பிச்ச பிறகா, அதுக்கு முன்னாடியே அப்படியா?"

அந்தப் பெண் காத்திருந்தாள்.

"முன்னாடியேதான்" என்றார்.

தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்த பொய்யை அவர் கீழே வைத்தது எனக்குக் கேட்டது. அந்த டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "இங்க பாருங்க, இது வயசாலயோ வேலையாலயோ வர்ற அசதி இல்ல. உள்ள எங்கயோ ரத்தம் போகுது, ரொம்ப நாளாப் போகுது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், தனியாப் போகக் கூடாது. வீட்டுல கூட யாரு இருக்காங்க?" என்றாள்.

"மனைவி இருக்கா. அவகிட்ட சொல்லல."

"மன்னிக்கணும்" என்றாள் டாக்டர். "மனைவின்னா சொன்னீங்க?"

அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். "இது மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்றார். விதிப்படியே, அந்த வார்த்தைகளிலேயே சொன்னார். "டாக்டர், தலைசுத்தல்ல இருந்து நான் சொன்னது எதுவும் அந்த அம்மா சொன்னது இல்ல. அவங்களுக்கு ஒண்ணுமில்ல. அவ்வளவும் எனக்கு."

நான் அந்த டாக்டரைத் திட்ட மாட்டேன். நானாக இருந்தால் லைனை வெட்டியிருப்பேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "நீங்க என் நோயாளி இல்ல. உங்களுக்கு நான் வைத்தியம் சொல்லக் கூடாது. ஆனா சொன்னது சொன்னதுதான், இன்னைக்கே போங்க. இப்ப அந்த அம்மாகிட்ட முதல்ல இருந்து கேளுங்க. அவங்க சொல்றதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவர் கேட்டார். அந்த அம்மாள், அதுதான் அப்போதே இல்லையென்று சொன்னேனே என்றாள். பிறகு, "டாக்டர் இருக்கட்டும். உங்க குரல்லதான் தெம்பே இல்ல. முகத்து நிறமும் சரியிருக்காதுன்னு நினைக்கறேன். சாப்பிடறீங்களா?" என்றாள். நோயாளி சொன்னது எதுவானாலும் விடாமல் சொல்ல வேண்டும். அதையும் அவர் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். முட்டிக்குத் தைலம், ரத்தக்கொதிப்புக்கு அதே மாத்திரை. அழைப்பு முடிந்தது.

நான் ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டு ஹாலுக்குள் போனேன். கண்ணாடி அறைக்காரர்கள் அங்கே வரக் கூடாது. கடிகாரம் குறுக்கே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"எவ்வளவு கேட்ட?"

"முழுசும்."

சுற்றிலும் யார் யாரோ தங்கள் மூலத்தையும் மூச்சுத்திணறலையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தமிழில் பேசுவதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"ஊரு பேரு தெரியாத ஒருத்திகிட்ட சொல்ல வாய் வருது. நான் எத்தனை தடவை கேட்டேன்."

"நீ கேட்டா, நான் சொல்றதை நீ தாங்கணும். அந்தப் பொண்ணு தாங்க வேண்டியதில்ல. அதான் வந்துடுச்சு."

"ஏங்க, இத்தனை நாளா…"

"எனக்கு அடுத்த கேள்வி தெரியும்மா" என்றார். "அதுக்கு அடுத்த கேள்வியும் தெரியும். கறுப்பாப் போகுதான்னு கேட்பாங்க, எடை குறைஞ்சுதான்னு கேட்பாங்க, அப்புறம் ஸ்கேன், அப்புறம் குடும்பத்துல யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்கன்னு சொல்வாங்க. எத்தனை பேருக்கு நான் சொல்லியிருக்கேன். 'எனக்கு இன்னும் எத்தனை நாளு'ன்னு எத்தனை பேருக்காக நான் கேட்டிருக்கேன். வாயைத் திறந்தா அந்த ரூட்டுலதான் போகும். திறக்காம இருந்தா அசதியாவே இருந்துடும்னு பார்த்தேன்."

எனக்குக் கை ஓங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கையால்தான் அவர் தோளைப் பிடித்து எழுப்பினேன். எழுந்தவர் தள்ளாடினார். லிஃப்டில் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்த அழைப்புக்கு என்ன மார்க் போட்டேன் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். பூஜ்யம்தான். போட்ட குறியை நான் அழிக்கவில்லை. அந்த அம்மாள் செய்யாத பாவத்துக்கு அவளை ஆம்புலன்சில் ஏற்றியிருப்பார்கள், ஊசி குத்தியிருப்பார்கள். கடிகாரம் வீட்டுக்கு வந்து, மேலிடத்தில் வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள் என இழுத்தபோது, என் வீட்டுக்காரரே, "நானா இருந்தாலும் பூஜ்யம்தான் போட்டிருப்பேன் சார், விடுங்க" என்றார். வேலை அதோடு போயிற்று. அதற்குள் அது எங்களுக்கு ஒரு பெரிய விஷயமாக இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம் ஏற்றினார்கள். பாட்டில் பாட்டிலாக யார் யாருடைய ரத்தமோ இறங்கியது. மூன்றாம் நாள் பார்த்தால் உதட்டில் நிறம் வந்திருந்தது. காதுமடல் சிவந்திருந்தது. கல்யாணத்தின்போது இருந்த முகம். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை பயம் காட்டினீங்க" என்று என்னையே கடிந்துகொண்டாள். திட்டு வாங்கியதில் எனக்கு அத்தனை சந்தோஷம். அன்றைக்கு அவர் இட்டதை எல்லாம் சாப்பிட்டார். நர்சிடம் ஜோக் அடித்தார். நான் அந்த நிறத்தை நம்பினேன். வேறு எதை நம்புவது.

ஸ்கேன் வந்தது. எங்கள் டாக்டர் ரயிலைப் பிடிக்கப் போகிற வகை. நின்றவாக்கில் சொன்னார். குடலில் ஆரம்பித்தது, ஈரலுக்கும் போயிருக்கிறது, வெட்டி எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. ரத்தம் ஏற்றலாம், வலிக்கு மருந்து தரலாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். "ஒரு ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து அந்த வாக்கியத்தை முடிக்காமல் போய்விட்டார். கட்டிலில் கிடந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. ஏற்றின ரத்தமெல்லாம் எங்கே போனதோ, அந்த ஒரு நிமிஷத்தில் பழைய வெளுப்பு திரும்பியிருந்தது.

நான் வராந்தாவில் போய் அழுதேன். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். இவர் வாயைத் திறக்க ஆறு மாசம், ஒரு கடல் தள்ளி இருக்கிற முகம் தெரியாத பெண், ஒரு கிழவியின் முட்டிவலி எல்லாம் வேண்டியிருந்தது. நான் பக்கத்துத் தலையணையில்தான் படுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தோம். வந்த பிறகு ஒன்று நடந்தது. அவர் சொல்ல ஆரம்பித்தார்.

மடை திறந்த மாதிரி சொல்ல ஆரம்பித்தார். எதையும் மறைக்கவில்லை. விடிந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இன்றைக்கு வலி எங்கே ஆரம்பித்தது, எங்கே போய் நிற்கிறது, குடைகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார். நோவைச் சொல்வதில் அவர் மன்னன் அல்லவா. கால் இரண்டும் இரவல் வாங்கினது போல் இருக்கிறது என்பார். நாக்கில் இரும்பு ருசி என்பார். கண்ணை மூடினால் கட்டில் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்பார். எனக்கு அது அத்தனையும் என் உடம்பிலேயே தெரியும். அந்த அளவுக்குத் துல்லியமாகச் சொல்வார்.

இதைத்தான் நான் கேட்டேன். மாதக்கணக்கில் இதைத்தான் கரடியாய்க் கத்திக் கேட்டேன். அப்போது சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டு ஓட ஓர் இடம் இருந்தது. இத்தனை வருஷமும் காதில் விழுந்த நோவையெல்லாம் அடுத்த பக்கத்துக்குக் கடத்திவிட்டுத்தான் பிழைத்திருக்கிறேன். மறுமுனையில் எப்போதும் ஒரு டாக்டர் இருப்பார், அந்த நோவு என்னிடம் தங்காது. இப்போது மறுமுனையில் ஒருவரும் இல்லை. அவர் சொல்வதெல்லாம் என்னோடு வந்து நின்றுவிடுகிறது.

சொல்லாதீர்களேன் என்று ஒரு நாள் வாய்வரைக்கும் வந்தது. கொஞ்சம் அசதி என்று பழையபடி பொய் சொல்லக் கூடாதா, நானும் திட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேனே என்று இருந்தது. விழுங்கிக்கொண்டேன்.

நேற்றுக் காலை காபியோடு போனேன். குடிக்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன், பாதிதான் தூக்கினார்.

"கேட்கறியா?" என்றார்.

"கேட்கறேன், சொல்லுங்க."

"வலி இன்னைக்குப் பரவாயில்ல. இது வேற. உடம்பு பூரா காலியான மாதிரி இருக்கு. உன்னைப் பார்க்கறேன், ஆனா தள்ளித் தெரியற." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ரொம்பப் பயமா இருக்கும்மா."

கல்யாணமான நாள் முதல் அவர் என்னிடம் சொல்லாத வார்த்தை அது. நான் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறியே" என்றார்.

"என்னங்க சொல்றது."

"சரி விடு. சொன்னா எனக்குக் கொஞ்சம் லேசாகுது. அதான் சொல்றேன். உனக்குக் கஷ்டமா இருந்தா நிறுத்திடறேன்."

"கஷ்டமெல்லாம் இல்ல" என்றேன். "நீங்க சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் துல்லியமாகச் சொல்ல ஆரம்பித்தார்.